வசூல் தாளில் யார் பெயர்?

டிசம்பர் 7 நெருங்கினால் பள்ளிகளுக்குக் கொடிநாள் கொடிகள் வந்து சேரும். 1949 முதல் இருந்துவரும் வழக்கம். திரட்டும் பணம் முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும் போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. நோக்கத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கொடிநாள் போனால் முதியோர் இல்லம், பார்வையற்றோர் பள்ளி என்று வேறு வசூல்கள் வரும். இவற்றில் சில, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிடுகின்றன.

வரிசை எண், பெயர், தொகை, கையொப்பம் என்று கட்டம் போட்ட தாள். மருத்துவர் வீட்டுப் பையன் அப்பாவின் கிளினிக்கிலேயே ஒரே மாலையில் அதை நிரப்பிவிடுவான். சித்தாள் வேலைக்குப் போகிறவரின் மகள் அக்கம்பக்கத்தில் ஐந்தும் பத்துமாக வாங்கி, சில்லறையை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு எடுத்துவருவாள். அவள் தாளில் மூன்று வரிகூட நிரம்பியிருக்காது. அதிலும் ஒன்று அம்மாவின் பெயராக இருக்கும். திங்கட்கிழமை காலை வழிபாட்டில் அதிகம் வசூலித்தவனுக்குப் பதக்கம். கைதட்டல் கிளினிக்குக்கா, பையனுக்கா?

உதவி பெறுகிற முதியவருக்கு இந்தக் கேள்வியே வீண் என்பார்கள். வலுவான வாதம்தான். யார் பையிலிருந்து வந்த பணமென்று மருந்துக்கடையில் கேட்பதில்லை. பதக்க ஆசையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வந்தால் வரட்டுமே. ஆனால் பணம் திரட்ட ஊரில் வேறு எத்தனையோ வழி இருக்க, பள்ளி இதில் இறங்குவது பிள்ளைகள் ஏதாவது கற்கட்டும் என்றுதான். தகப்பனின் வருமானத்தைப் பிள்ளையின் ஈகையாகக் கணக்கெழுதினால், இல்லாதவனுக்கு ஈரமும் குறைவு என்ற பொய்யை அந்த மேடையே சொல்லிக்கொடுத்துவிடும்.

அதற்காக வசூலையே நிறுத்திவிட வேண்டியதில்லை. பிறருக்காகக் கேட்கப் பழகுவது சின்ன விஷயமல்ல. வள்ளுவர் இரவுக்கு, அதாவது கேட்டுப் பெறுவதற்கு, ஓர் அதிகாரம் வைத்து, அடுத்ததாகவே கேட்க அஞ்சும் இரவச்சத்துக்கும் ஒன்று வைத்தார். கதவைத் தட்டி, ‘வேற வீடு பாரு’ என்பதைக் கேட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போகிற பிள்ளைக்கு, கேட்பவரின் கூச்சம் என்னவென்று தெரிந்துவிடும். ஆனால் ‘நான் போகவில்லை’ என்று சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு வழி இருக்க வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. சீமைக் கருவேலம் வெட்டும்போது அப்பாவின் சம்பளம் துணைக்கு வராது. முள் எல்லார் கையிலும்தான் குத்தும். சான்றிதழுக்காக வந்து வேப்பமர நிழலில் பொழுதைப் போக்குகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் யார் வேலை செய்தார், யார் உட்கார்ந்திருந்தார் என்பது முகாமில் எல்லாருக்கும் தெரியும்.

தாளை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓர் உண்டியல் வைக்கலாம். பள்ளியின் மொத்தத் தொகையை மட்டும் அறிவிக்கலாம். பதக்கம் போனால் தொகை குறையத்தான் செய்யும், அந்த அடி முதியோர் இல்லத்தின் மேல்தான் விழும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வசதியுள்ளவர்களிடம் நேராகவே கேட்டு அதை ஈடுகட்டுவது பெரியவர்களின் வேலை.