பிள்ளைக்காகத்தானே

'ஷோகன்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறுவனை ஞாபகம் இருக்கும். நாட்டையே கைக்குள் வைத்திருந்த தைகோ செத்துப்போயிருப்பார். வாரிசு சின்னப் பையன். அவன் வளர்ந்து ஆளாகும்வரை ஐந்து பிரபுக்கள் சேர்ந்து ஆட்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் அவன் பெயரைச் சொல்லித்தான் சத்தியம் செய்வார்கள், அவன் பெயரைச் சொல்லியேதான் ஒருவருக்கொருவர் குழியும் பறிப்பார்கள். தொடரில் பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. நிஜத்தில் அந்த தைகோ தொயோதோமி ஹிதெயோஷி, பையன் ஹிதெயோரி. தொடரைப் பார்த்து முடித்தபின் எனக்கு எழுந்த கேள்வி ரொம்பச் சாதாரணமானது. அறுபதைத் தாண்டிச் சாகிற மனிதருக்கு ஐந்து வயசுப் பிள்ளைதான் வாரிசா? அதுக்கு முன்னாடி யாருமே இல்லையா?

இருந்தார். அவர் பெயர் ஹிதெத்சுகு. ஹிதெயோஷியின் அக்கா தோமோவின் மூத்த மகன், 1568இல் பிறந்தவர். (எல்லாப் பெயரும் 'ஹிதெ' என்றே தொடங்குவது நம்மைக் குழப்பும். தன் பெயரில் பாதியைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது அங்கே ஒரு மரியாதை. பெயர் பிடிபடாவிட்டால் மாமா, மருமகன், மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதை அதற்குள் அடங்கிவிடும்.)

மாமா விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். தலைமுறை தலைமுறையாகச் சேவித்த வீரர்களோ, பங்காளிகளின் படையோ அவருக்குக் கிடையாது. அதனால் இருக்கிற நாலு சொந்தக்காரர்களும் அவருக்குக் கையிருப்புப் பணம் மாதிரி. மருமகனைச் சிறுவயதிலேயே கூட்டணிக்காக ஒரு வீட்டுக்குத் தத்துக் கொடுத்தார், பிறகு இன்னொரு வீட்டுக்கு. 1584இல் நாகாகுதே போரில் ஒரு படைப்பிரிவை அவரிடம் ஒப்படைத்தார். பையனுக்கு அப்போது பதினாறு வயது. எதிரில் நின்றது தொகுகாவா இயெயாசு. படை சிதறியது, உடன்வந்த மூத்த தளபதிகள் இரண்டு பேர் செத்தார்கள், மருமகன் தப்பி ஓடிவந்தார். மாமா கடுமையாகத் திட்டினார். ஆனால் அடுத்த வருஷமே ஓமி நாட்டில் நிலமும் கோட்டையும் கொடுத்தார். கொடுக்க வேறு யார் இருந்தார்கள்?

1589இல் மாமாவுக்கு ஒரு மகன் பிறந்தான், த்சுருமாத்சு. 1591இல் அந்தக் குழந்தை இறந்தது. வலதுகையாக இருந்த தம்பி ஹிதெனாகாவும் அதே வருஷம் போய்ச் சேர்ந்தார். ஐம்பத்து நாலு வயசு மனிதர், இனிமேல் பிள்ளை பிறக்காது என்று முடிவு கட்டினார். மருமகனை மகனாகத் தத்தெடுத்து, பேரரசரின் பெயரால் ஆளும் 'கம்பாகு' பதவியை அவருக்கு மாற்றிக் கொடுத்தார். கியோட்டோவில் தான் கட்டிய ஜுராகுதாய் மாளிகையும் போனது. தைகோ என்பது பதவியை விட்டு இறங்கிய கம்பாகுவுக்கான பட்டம். கூடவே ஓர் அறிவுரைக் கடிதமும் எழுதினார். போர் ஏற்பாட்டில் கவனமாக இரு, நீதியில் பாரபட்சம் பார்க்காதே. தேநீர் விருந்து, பருந்து வேட்டை, பெண் பித்து, இதிலெல்லாம் மட்டும் என்னைப் பார்த்துக் கெட்டுப்போகாதே என்பது அதன் சாரம். படித்தால் சிரிப்பு வரும். ஏதோ ஒரு வீட்டு மாமா பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

1593 கோடையில் இன்னொரு மகன் பிறந்துவிட்டான்.

உடனே கத்தியை எடுத்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நாட்டை ஐந்தாகப் பிரித்து நாலு பங்கு மருமகனுக்கு, ஒரு பங்கு மகனுக்கு என்று ஒரு யோசனை. மருமகனின் பெண் குழந்தையை இந்தப் பையனுக்குக் கட்டிவைக்கலாம் என்று இன்னொன்று. சொத்துத் தகராறு வரப்போகிறது என்று தெரிந்த குடும்பங்கள் முதலில் செய்து பார்க்கிற ஒட்டுவேலைதான் இவையெல்லாம். இரண்டு வருஷம் ஓடியது. 1595இல் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, தலையை மழித்து, மருமகனைக் கோயா மலைக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 20 அன்று அங்குள்ள மடத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். வயது இருபத்தேழு.

அவர் அப்படி என்னதான் தப்பு பண்ணினார்? இந்த இடத்தில்தான் கதைகள் கிளம்புகின்றன. குருடரை வெட்டினார், போகிற வருகிற குடியானவர்கள் மீது துப்பாக்கி பழகினார், உயிர்க்கொலை கூடாத ஹியேய் மலையில் வேட்டையாடினார். 'செஸ்ஷோ' என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் அரசப் பிரதிநிதி என்றும் பொருள் உண்டு, உயிர்க்கொலை என்றும் பொருள் உண்டு. அதை வைத்துச் சிலேடையாக 'கொலைகாரக் கம்பாகு' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஜப்பானில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்களும் அவர் குரூரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது, அந்தக் காலத்துப் போர்வீரன் ஒருவனை மென்மையானவன் என்று நம்பவும் வேண்டியதில்லை. ஆனால் அவர் கோட்டை கட்டிய ஓமி ஹாச்சிமானுக்குப் போனால் ஊர்ப் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் வெட்டிய கால்வாயும் ஒழுங்குபடுத்திய சந்தையும்தான் அந்த வியாபாரிகளின் ஊரை உண்டாக்கின. சாகிற வருஷத்தில்கூட நோ நாடகப் பாடல்களுக்கு விளக்கவுரை தயாரிக்கத் துறவிகளையும் அறிஞர்களையும் உட்கார வைத்திருந்தார்.

நல்லவரா கெட்டவரா என்ற இந்த விசாரணையே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 1591இல் நாட்டை ஒப்படைக்கும்போது இந்தக் குணங்கள் யார் கண்ணிலும் படவில்லை. படவில்லை என்பதைவிட, தடையாக இல்லை. ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் அவை குற்றங்களாயின. விழுந்தவனிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு நிம்மதி, ஏதோ கணக்கு நேரானது போலத் தோன்றும். தப்பே கிடைக்காவிட்டால், ஒரு மனிதன் வேறொருவரின் தேவைக்காக உயர்த்தப்பட்டு, அந்தத் தேவை தீர்ந்ததும் அழிக்கப்பட்டான் என்பதைத்தான் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பதவியைத் தானே விட்டுக் கொடுத்திருக்கலாமே என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பதவி விலகிய இருபத்தேழு வயசுக் கம்பாகு மட்டும் ஆபத்தில்லாதவரா? அவரைச் சுற்றிப் பிரபுக்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். ஏற்றிவிட்டவர் இறங்குவதற்கு வழி வைக்கவில்லை. அண்மைக்கால ஆய்வாளர்களில் சிலர், மாமா சாகச் சொல்லவே இல்லை, மலையில் ஒதுங்கி இருக்கத்தான் சொன்னார், குற்றமற்றவன் என்று காட்ட மருமகனே உயிரை விட்டார் என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து நடந்ததற்கு அந்தச் சமாதானம் போதாது.

கியோட்டோவில் கமோ ஆற்றங்கரையில் சஞ்சோ பாலத்தருகே பள்ளம் தோண்டினார்கள். ஹிதெத்சுகுவின் தலையை ஒரு மேட்டில் வைத்தார்கள். அவருடைய மனைவியரையும் பணிப்பெண்களையும் குழந்தைகளையும் வண்டிகளில் ஏற்றி நகரைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்தத் தலைக்கு முன்னால் ஒவ்வொருவராக வெட்டினார்கள். 39 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் கோமாஹிமே என்ற பெண்ணும் ஒருத்தி, மொகாமி யோஷியாகியின் மகள். வடக்கே யாமாகதாவிலிருந்து மணப்பெண்ணாக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளையை நேரில் பார்த்ததுகூட இல்லை என்கிறார்கள். அவர்கள் கணக்கில் பதினைந்து வயசு. உடல்களை ஒரே குழியில் தள்ளி, அந்த மேட்டுக்கு 'மிருக மேடு' என்று பெயர் வைத்தார்கள்.

இவளிடம் என்ன தப்பைக் கண்டுபிடிப்பது?

இதைச் செய்த மனிதர் தன் மகனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கொஞ்சலும் முத்தமும் ஏக்கமுமாக, எந்த அப்பாவும் எழுதக்கூடிய கடிதங்கள். அந்தப் பாசம் நடிப்பு இல்லை, என்னைத் தொந்தரவு செய்வதும் அதுதான். வெறுப்பில் செய்த கொலையை நாம் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வோம். 'பிள்ளைக்காகத்தானே பண்ணினார்' என்று ஒருவர் சொன்னால் நம்மில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். பெற்ற பாசத்துக்கு எல்லை கேட்பதே அநாகரிகம் என்பதுபோல. ஆனால் அந்தப் பள்ளத்தில் கிடந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. கோமாஹிமேயின் அப்பாவும் மகளுக்காகக் கெஞ்சிப் பார்த்தவர்தான்.

வழக்கமாக இங்கே ஒரு பதில் வரும்: கடைசியில் என்ன ஆனது பார், 1598இல் ஹிதெயோஷி செத்தபோது அந்த ஐந்து வயசுப் பையனைக் காக்க வளர்ந்த ரத்த உறவு யாரும் இல்லை, 1600இல் செகிகஹாரா, மொகாமி தொகுகாவா பக்கம் நின்றார், 1615இல் ஓசாகா கோட்டை எரிய ஹிதெயோரி உயிரை விட்டான், அவனுடைய சின்ன மகனையும் அதே கமோ ஆற்றங்கரையில் வெட்டினார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் திட்டம் பலித்து ஹிதெயோரி எண்பது வயசுவரை ஆண்டிருந்தால், சஞ்சோ கரையில் நடந்தது சரியாகிவிடுமா? இயெயாசுவின் வம்சம் 250 வருஷத்துக்கு மேல் ஆண்டது. அதனால் ஓசாகாவில் செத்த பிள்ளைக்கு நியாயம் கிடைத்துவிட்டதா?

1611இல் தகாசே கால்வாயை வெட்டிய வணிகர் சுமினோகுரா ர்யோய், பாழடைந்து கிடந்த அந்த மேட்டைப் பார்த்து அங்கே ஒரு கோயில் எழுப்பினார். ஸுய்சென்ஜி. பக்கத்திலேயே ஆற்றங்கரையில் இப்போது மாலை நேரங்களில் காதலர்கள் அளந்து வைத்தமாதிரி இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் அதிகம் நினைப்பது தோமோவை. ஹிதெயோஷியின் அக்கா, ஹிதெத்சுகுவின் அம்மா. அவளுடைய இரண்டாவது மகன் மாமாவின் கொரியப் படையெடுப்பில் நோயில் இறந்தான். கடைசி மகன் 1595இல், அண்ணன் சாவதற்குச் சில மாதம் முன்பு போனான். பிறகு மூத்தவனும், பேரப்பிள்ளைகளும். அவள் துறவியானாள், மகனின் ஆத்மாவுக்காக ஒரு மடம் அமைத்தாள். தம்பி செத்ததையும், தம்பி மகன் எரிந்ததையும் பார்த்துவிட்டு 1625வரை உயிரோடு இருந்தாள். கியோட்டோவில் இருந்த அந்த மடம் 20ஆம் நூற்றாண்டில் இடம் மாறியது. இப்போது அது ஓமி ஹாச்சிமானில், மலை உச்சியில், மகனுடைய கோட்டை இருந்த இடத்தில் இருக்கிறது.