பாடினவருக்கு ஓர் இடம்

(தொப்பூரில் மார்கழி பஜனை நிறைவு நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உங்கள் பஜனை மடத்தில் இத்தனை காலம் ஜால்ராவைப் பிடித்து அடி எடுத்துக் கொடுத்த பெரியவர் இறைவன் திருவடி சேர்ந்துவிட்டார். அவர் நினைவாக மடத்தை ஒட்டி ஒரு மண்டபம் கட்டப் போகிறீர்கள். ரொம்ப சந்தோஷம். கல் வைப்பதற்கு முன்னால் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். தெரிந்த கதைதான். ராமாயணம் மட்டும் தெரியாத கதையா, வருஷா வருஷம் கேட்கவில்லையா?

திருவையாறு. தியாகராஜ சுவாமிகள் 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமியன்று அங்கேதான் சித்தியடைந்தார். உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்ட மகான். அரண்மனை வாசலுக்குப் போகாதவர். காவிரிக் கரையில் அவருக்கு ஒரு சமாதி எழுப்பினார்கள். அப்புறம்? அப்புறம் மறந்துவிட்டார்கள்! முள் மண்டிப் போயிற்று. 1903-இல் சீடர்கள் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து சீர் செய்தார்கள். மறுபடியும் பாழ். அவர் கீர்த்தனையைப் பாடிக் கச்சேரிக்குக் கச்சேரி கைதட்டு வாங்குகிறார்கள். பாடிக் கொடுத்தவர் இருக்கிற இடத்தில் ஒரு விளக்கு இல்லை. இது நியாயமா?



1921-இல் சமாதி கிடக்கிற கிடையைச் சொல்லி மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா சென்னைக்கு ஒரு கடிதம் போடுகிறார். யாருக்கு? ராஜாவுக்கா, ஜமீன்தாருக்கா? தன் சிஷ்யை பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு. நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்த அம்மாள். கடிதத்தைப் பார்த்தவர் கிளம்பிவிட்டார். சமாதி இருந்த நிலத்தை வாங்கினார். நகைகளை விற்றார். அந்த வருஷமே அஸ்திவாரம் போட்டு, 1925 ஜனவரி 7-இல் கும்பாபிஷேகம் செய்து முடித்தார். தாய்மார்களே, நகையை விற்றார் என்று நான் சொல்லிவிட்டேன், நீங்களும் கேட்டுவிட்டீர்கள். ஒரு வளையலைக் கழற்றிக் கொடுக்க மனசு எவ்வளவு யோசிக்கும்!

சரி, கோயில் கட்டியாயிற்று. சுவாமிகள் சித்தியடைந்த நாளில் நடக்கிற ஆராதனை வருகிறது. அம்மாள் பாட வேண்டும் என்கிறார். கூடாது என்கிறார்கள்! ஏன்? பெண்! ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். எதிலும் ஒத்துப் போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப் போனார்கள். கோயிலைக் கட்டினவருக்குக் கோயிலில் பாட இடமில்லை. மறுபடியும் சொல்கிறேன், கட்டினவருக்குப் பாட இடமில்லை.

அம்மாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாரா? போகவில்லை. 1927-இல் பெண்களைக் கூட்டி, சமாதிக்குப் பின்புறம் தனியாக ஆராதனை நடத்தினார். அதற்குப் பெண்கள் கட்சி என்றே பெயர். 1940-இல் எல்லாக் கட்சியும் ஒன்றாயிற்று. இன்றைக்குப் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது ஆணும் பெண்ணும் வரிசை வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுகிறார்களே, அதற்குப் பின்னால் இந்த அம்மாள் இருக்கிறார். 1952-இல் அவர் காலமானார். அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது, சுவாமிகளைப் பார்த்துக் கைகூப்பிய சிலையோடு.

இங்கேயும் பாருங்கள், பெண்பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்கள். முன்னால் வாருங்கள் அம்மா. ஐயா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், இடம் இருக்கிறது. யாழ்மூரி வரலாறு தெரிந்தவர்கள்தானே நீங்கள்? திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகத்துக்கு யாழ் வாசித்த திருநீலகண்டப் பாணர் எந்தக் குலம், பிள்ளையார் எந்தக் குலம்? பாணரோடு கூடவே போனவர் அவர் மனைவி மதங்கசூளாமணியார் அல்லவா? நாயன்மார் காலத்தில் இல்லாத தடை நமக்கு எங்கிருந்து வந்தது?

எங்கோ போய்விட்டேன். மண்டபத்துக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரை வைத்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டினான். தலைக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். கல்வெட்டு அதோடு நிற்கவில்லை. பாடுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த இடத்தில் நின்று பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ள ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதை யோசித்திருக்கிறான்! பெயரை வெட்டியவன் குரல் நின்றுவிடக் கூடாது என்பதற்கும் வழி செய்தான். நாம் பெயரை மட்டும் வெட்டுகிறோம். அதற்குக் கீழே உபயதாரர் பெயரை அதைவிடப் பெரிதாக வெட்டுகிறோம். வேண்டாம் ஐயா, சிறிதாகப் போடுங்கள். சுவாமிக்குக் கணக்குத் தெரியும்.

பாட்டு எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு இன்னொரு ஊரையும் சொல்கிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் ஜெபாலயம் இருக்கிறது. வேறு ஊர் யூதர்களுக்கு ரபி என்ற குருமார் உண்டு. கொச்சியில் அது கிடையாது; ஊர்ப் பெரியவர்களே முன்னின்று பாடி வழிபாடு நடத்தினார்கள், உங்கள் பெரியவர் நடத்தியது போலவே. அவர்கள் வீட்டுப் பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். 1950-களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபோனபோது ஜெபாலயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நோட்டு போயிற்று. பாட்டு பிழைத்தது.

உங்கள் பெரியவரும் ஒரு நோட்டு வைத்திருந்தார் என்று இப்போதுதான் மேடையில் சொன்னார்கள். நாமாவளி, திருப்புகழ், கும்மி மெட்டு எல்லாம் அதில் இருக்கிறதாம். மண்டபத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போட்டீர்கள், சரி. அந்த நோட்டு யார் வீட்டுப் பரணில் இருக்கிறது? எலி கடித்தால் யார் பொறுப்பு? முதலில் அதை எடுங்கள். படி எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்.

மண்டபம் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற மண்டபம் வேண்டாம். தை பிறக்கிறது. பெரியவரோடு பின்பாட்டுப் பாடினவர்கள் நாலு பேராவது இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். இந்த வாரமே உட்காருங்கள். எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும், ஆணோ பெண்ணோ, கையில் ஜால்ராவைக் கொடுத்துச் சொல்லிக் கொடுங்கள். தாளம் தப்பினால் திட்டாதீர்கள். அடுத்த மார்கழிக்கு நான் வரும்போது அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும், நாமெல்லாம் கூடச் சேர்ந்து பாட வேண்டும்.