நாதோபாசகர்களுள் முதல்வர் யார்?

கர்நாடக இசையில் ஓரளவேனும் ஈடுபாடு உள்ள அன்பர்கள் நால்வர் கூடுமிடத்தில் ஒரு வினா எழாமல் இருப்பதில்லை. சங்கீத மும்மூர்த்திகளுள் மிக உயர்ந்தவர் யார் என்பதே அது. வினா எழுந்ததுமே கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிடும். பாவமே இசைக்கு உயிர் என்போர் ஸ்ரீ தியாகராஜரின் பக்கம் சேர்வர். ராகத்தின் முழுத் திருவுருவத்தையும் ஸாஹித்யத்தின் செறிவையும் போற்றுவோர் ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதரை முன்னிறுத்துவர். எண்ணிக்கையில் சிலரே ஆயினும் உறுதியில் குறையாத மூன்றாம் அணியினர், தாளத்தின் நுட்பத்தையும் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு முறையிடும் குழந்தையின் உருக்கத்தையும் ஸ்ரீ சியாமா சாஸ்திரிகளைப் போல் வேறு எவர் ஒருங்கே தந்தார் என்று கேட்பர். பிறகு ஒருவர் புரந்தரதாஸரின் பெயரை எடுப்பார். இன்னொருவர் தமிழ் மூவரை மறந்தீர்களே என்பார். கையிலிருக்கும் காபி ஆறிப்போகும்.

இதைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். பாடகர்களையும் விளையாட்டு வீரர்களையும் நாம் இவ்வாறே வரிசைப்படுத்துகிறோம். ஆயினும் இம்மூவரும் நாதத்தையே உபாசனையாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். உபாசகர்களுக்கு மதிப்பெண் இடுவது முறையா? இட்டால் விளைவது என்ன? இடாமலே இருக்க நம்மால் இயலுமா? இவை சங்கீத ரசிகனுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. சாதகனும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். நமக்குக் கிடைத்துள்ள கீர்த்தனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் தியாகராஜருக்கு ஏறத்தாழ 700, தீக்ஷிதருக்கு 450-க்கு மேல், சியாமா சாஸ்திரிகளுக்குச் சுமார் 70. கையாண்ட ராகங்களைக் கொண்டு அளந்தாலும் 200-க்கு மேற்பட்ட ராகங்களில் பாடிய தியாகராஜரே முன் நிற்பார். ஆனால் ஒரு க்ஷேத்திரத்தின் மூர்த்தி, மந்திரம், புராணம் அனைத்தையும் ஒரே கீர்த்தனைக்குள் அடக்கும் ஆற்றலை அளவாகக் கொண்டால், கமலாம்பா நவாவரணமும் நவக்கிரகக் கீர்த்தனைகளும் தந்த தீக்ஷிதருக்கு இணை சொல்ல இயலாது. நாட்டிய அரங்குக்கு உரியதாயிருந்த ஸ்வரஜதியை எடுத்து, பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய மூன்று ராகங்களில் அதற்கு இசையரங்கில் அமர்ந்து கேட்கத்தக்க கம்பீரத்தை அளித்ததை அளவாகக் கொண்டால் சியாமா சாஸ்திரிகள் முதல்வராவார். ஒவ்வோர் அளவுகோலும் ஒருவருக்கு மகுடம் சூட்டுகிறது. யாருக்குச் சூட்ட வேண்டும் என்று நெஞ்சம் முன்பே முடிவு செய்துவிட்டு, அதன் பின்னரே அளவுகோலைத் தேடி எடுக்கிறது என்பதைச் சற்று நேர்மையுடன் நோக்குவோர் உணர்வர்.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. அது அவர்கள் பாடியதன் அளவன்று. நம்மிடம் வந்து சேர்ந்ததன் அளவு. திருவையாற்றில் தியாகராஜரைச் சுற்றிச் சீடர் கூட்டம் இருந்தது. வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என மூன்று பரம்பரைகள் அவர் பாடல்களைப் போற்றிக் காத்தன. தீக்ஷிதரோ தலம் தலமாகச் சென்றவர். 1835-இல் எட்டயபுரத்தில் உடல் நீத்தார். அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீக்ஷிதர், தம் முதிய வயதில் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ என்ற பெருநூலை 1904-இல் எட்டயபுரத்திலிருந்து ஸ்வரக்குறிப்புடன் வெளியிட்டார். குடும்பச் சொத்தாக இருந்ததை அச்சில் தர வேண்டும் என்று அவரை இடைவிடாமல் வற்புறுத்தியவர் சின்னஸ்வாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர். அந்த ஒரு நூல் வெளிவராது போயிருந்தால் தீக்ஷிதரின் கீர்த்தனைகளில் எத்தனை நம் செவிக்கு எட்டியிருக்கும்? இன்று அவர் பெருமையைப் பற்றி வாதிடுவோர், முதலில் இவ்விருவரையும் கைகூப்பிவிட்டு வாதத்தைத் தொடங்கலாம்.

அன்னமாசாரியாரின் வரலாறு இதைவிட வியப்புக்குரியது. 1503-இல் மறைந்த அப்பெரியவரின் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் ஓர் அறையில் நூற்றாண்டுகளாகக் கிடந்தன. 1922-இல் அவை கவனத்துக்கு வந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருப்பது தெரிந்தது. ராகத்தின் பெயர் ஏட்டில் உண்டு, மெட்டு இல்லை. இன்று நாம் உருகிக் கேட்கும் அவருடைய பாடல்கள் பெரும்பாலும் பிற்காலத்தார் இசையமைத்தவையே. 1900-ஆம் ஆண்டில் ஒருவர் மகா வாக்கேயகாரர்களின் வரிசை ஒன்றை எழுதியிருந்தால், அன்னமாசாரியாருக்கு அதில் எந்த இடம் கிடைத்திருக்கும்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தார் 1722-23-இல் தங்கள் தேவாலய இசைப் பணிக்கு ஆள் தேடியபோது முதலில் விரும்பியது டெலிமானை, அடுத்து கிராவ்ப்னரை. இருவரும் கிடைக்காத நிலையில்தான் பாஹ் அமர்த்தப்பட்டார். பல கையெழுத்துப் படிகளின் இறுதியில் ‘இறைவனுக்கே மகிமை’ என்ற பொருளுடைய லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளை எழுதி வைப்பது அவர் வழக்கம். அவர் 1750-இல் மறைந்தார். மத்தேயு சுவிசேஷத்தை ஒட்டி அவர் இயற்றிய பெரும் இசைப்படைப்பை மெண்டல்சன் 1829-இல் பெர்லினில் மீண்டும் ஒலிக்கச் செய்த பிறகே உலகம் அவரை மறுபடி கண்டுகொண்டது. மூன்றாம் விருப்பமாக வந்தவரை இன்று முதலிடத்தில் வைக்கிறவர்கள் பலர்.

நம் முன்னோர் ஒப்பிடவே இல்லை என்று சொல்ல முடியாது. தியாகராஜரின் இசையைத் திராட்சை என்றும், சியாமா சாஸ்திரிகளின் இசையை வாழைப்பழம் என்றும், தீக்ஷிதரின் இசையைத் தேங்காய் என்றும் உவமித்தார்கள். திராட்சை வாயிலிட்டதும் கரைகிறது. வாழைக்குத் தோல் உரிக்க வேண்டும். தேங்காய்க்கு நாரும் ஓடும் நீக்க வேண்டும். உண்பவன் மேற்கொள்ள வேண்டிய முயற்சியைச் சொல்லும் உவமை இது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிவேதனம் செய்யும் நாட்டில் பிறந்த இவ்வுவமையையும் சிலர் தரவரிசையாக மாற்றிக்கொண்டதுதான் வேடிக்கை.

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் ஞானத்தை மூவகையாகப் பிரிக்கிறார். பிரிந்து தோன்றும் பொருள்களில் பிரிவற்ற ஒன்றைக் காண்பது ஸாத்விகம். ஒவ்வொன்றையும் தனித்தனி இயல்புடையதாக மட்டுமே காண்பது ராஜஸம். ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டு, காரணம் இன்றி அதுவே முழுமை என்று நிற்பது தாமஸம். இசை பற்றிய நம் வாதங்களை இந்த மூன்று சுலோகங்களின் ஒளியில் வைத்துப் பார்த்தால் நாணம் பிறக்கும். ‘என் ஆசாரியர் பாடியதே பாட்டு’ என்பது எந்த வகை என்று விளக்க வேண்டியதில்லை. குறை நிறைகளைப் பட்டியலிட்டு எடை போடுவது அதனினும் மேலானதுதான். அறிவின் உழைப்பு அதில் உண்டு. ஆயினும் எடை போடும்போது செவி மூடிக்கொள்கிறது. தோடியைக் கேட்டுக்கொண்டே ‘இது அவருடைய தோடிக்கு ஈடாகுமா?’ என்று எண்ணுபவன் இரண்டு தோடிகளையும் இழக்கிறான். மாந்தோப்புக்குச் சென்றவன் கிளைகளையும் இலைகளையும் எண்ணிக்கொண்டிருப்பதைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவதை அன்பர்கள் அறிவர்.

இத்துடன் நிறுத்திவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் ‘எல்லாம் ஒன்றே, ஏன் வேறுபாடு?’ என்ற சொல் எப்போதும் ஞானத்திலிருந்தே பிறப்பதில்லை. மும்மூர்த்திகளுக்கு நெடுங்காலம் முன்பே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழ்க் கீர்த்தனைகள் பாடியவர் சீர்காழி முத்துத்தாண்டவர். அவருடைய பாடல்கள் பலவற்றின் பழைய மெட்டுகள் இன்று இல்லை. ஏன் இல்லை? பாடுவோர் குறைந்தனர், பாடாத பாட்டு மறைந்தது. கச்சேரியின் நடு நேரம் பிற மொழிப் பாடல்களுக்கும், இறுதியில் எஞ்சும் சில நிமிடங்கள் தமிழுக்கும் என்று ஒதுக்கப்பட்டபோது, அங்கே எவரும் வாய் திறந்து தரவரிசை கூறவில்லை. நேரமே அதைக் கூறிற்று. அந்த மனக்குறையே 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடாகவும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாகவும் உருவெடுத்தது. அன்று மாற்றம் கேட்டவர்களிடம், ‘இசைக்கு மொழி ஏது?’ என்று பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். உயர்ந்த தத்துவம்தான். ஆனால் மேடையின் நடுவில் அமர்ந்திருப்பவர் ஓரத்தில் நிற்பவரிடம் சொல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. ஏட்டிலும் கல்லிலும் நிற்பவற்றைப் போல் இசை தானே நிற்பதில்லை. ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளாது விட்டால் அடுத்த தலைமுறைக்கு அது இல்லை. எனவே வரிசையில் கீழே வைக்கப்பட்டவருக்கு நேர்வது வெறும் கௌரவக் குறைவு அன்று.

அதற்காகத் தேர்வையே கைவிட முடியுமா? முடியாது. ஒரு மாணவனின் வாழ்நாளில் கற்கக்கூடியவை சில நூறு பாடல்கள். ஓர் ஆசிரியர் அவற்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சுவாமி விவேகானந்தர் நரேந்திரநாதராக இருந்தபோது தொகுத்த ‘ஸங்கீத கல்பதரு’ என்ற வங்க மொழிப் பாடல் திரட்டு 1887-இல் வெளிவந்தது. திரட்டு என்றாலே சிலவற்றைச் சேர்ப்பதும் பலவற்றை விடுவதும்தான். தேர்வு செய்கிறவன் ‘இப்போது, இவனுக்கு, இது உதவும்’ என்கிறான். தரவரிசை இடுகிறவன் ‘என்றைக்கும், எல்லோருக்கும், இதுவே மேல்’ என்கிறான். முன்னவன் நாளை தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். விட்டுப்போனதைத் தேடிச் செல்லலாம். பின்னவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேற்சொன்ன அநீதிக்கு மருந்து, முத்துத்தாண்டவரைப் பட்டியலில் இரண்டு படி ஏற்றி வைப்பது ஆகாது. அவருடைய பாடல்களில் ஒன்றை ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதே மருந்து.

பெயர்களை வரிசையாகச் சொல்லியும் தரம் பிரிக்காமல் இருந்தவர் ஒருவர் உண்டு. அவர் பாடிய தலம், மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த அதே திருவாரூர். அடியவர் கூட்டத்தை வணங்காமல் சுந்தரர் ஒதுங்கிச் சென்றதைக் கண்டு விறன்மிண்டர் சினந்தார் என்றும், அதன் பின்னர்த் திருத்தொண்டத்தொகை பிறந்தது என்றும் பெரியபுராணம் கூறும். அதில் தில்லை அந்தணர்களை அடுத்து உடனே வருபவர் ஒரு குயவர். எவரையும் மற்றொருவரோடு சுந்தரர் ஒப்பிடவில்லை. ஒவ்வொருவருக்கும் தம்மை அடியவராகச் சொல்லிச் செல்கிறார். பட்டியல் என்றால் எவரேனும் விடுபடுவர் என்பதையும் அவர் அறிந்திருந்தார் போலும். தம் காலத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்பாற்பட்ட அடியவர்களுக்கென்றும் ஒரு தொகையை வைத்துக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அதே ஊரில் பிறந்த தியாகராஜர் ஸ்ரீராகத்தில் அமைத்த பஞ்சரத்னக் கீர்த்தனையில், பல வகைப் பெரியோர்களை அவரவர் பண்பைச் சொல்லி வணங்குகிறார். தமது ‘பிரஹ்லாத பக்தி விஜய’த்தில் புரந்தரதாஸருக்கும் வணக்கம் கூறுகிறார்.

சியாமா சாஸ்திரிகளின் புதல்வர் சுப்பராய சாஸ்திரியும் வாக்கேயகாரரே. தந்தை தஞ்சையில் பங்காரு காமாக்ஷியின் சன்னிதியில் பூஜை செய்து வந்தவர். மகனுக்குக் கற்பிக்க அவருக்குத் தெரியாத வித்தை ஏதும் இல்லை. ஆயினும் சுப்பராயர் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜரிடமும் பயின்றார் என்று மரபு கூறுகிறது. அவர் இயற்றியவை சுமார் ஒரு டஜன் கீர்த்தனைகளே. தந்தையினுடையவற்றிலும் மிகக் குறைவு. அவற்றுள் அம்பிகையை நோக்கி ரீதிகௌளையில் அமைந்த ஒன்று இன்றும் கச்சேரிகளில் விரும்பிப் பாடப்படுகிறது.