பெயர் சூட்டியது யார்?

கடல் கடந்து செல்கிறான் இந்திய ஆடவன். மேனாட்டு உடை அணிகிறான், அயல்மொழி பேசுகிறான். "ஐயகோ, பண்பாடு போயிற்றே!" என்று பதறுவார் எவருமில்லை. உடன் சென்ற மனைவியின் நெற்றிக் குங்குமத்தையும் புடவைத் தலைப்பையும் காட்டி, "இதோ நம் பண்பாடு!" என்று பெருமை பேசுகின்றனர். பயணம் இருவருக்கும், சுமை மட்டும் ஒருத்திக்கு! இது எந்த ஊர் நீதி?

இதே கேள்வியை, அமெரிக்காவில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய வங்கப் பெண்மணிகள் சிலர் கதைகளில் எழுப்பியுள்ளனர். கதைதானே என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

ஜும்பா லாகிரி 2003இல் வெளியிட்ட 'தி நேம்சேக்' புதினத்தில், அமெரிக்காவில் தன் வீட்டில் பேறுகால வலியோடு இருக்கிறாள் அஷிமா. கணவனை அழைக்க வேண்டும். ஆனால் பெயர் சொல்லி அழைக்கவில்லை. மனைவி கணவன் பெயரை உச்சரிக்கலாகாதாம்! நம் பாட்டிமார் அறிந்த வழக்கந்தானே இது? அவள் கடலைக் கடந்தாள். அந்த வழக்கம் அவளையும் முந்திக் கடந்தது!

பழைமையைக் களைந்துவிட்டால் விடுதலை வந்துவிடுமா? பாரதி முகர்ஜியின் 'ஜாஸ்மின்' (1989) அதையும் ஆராய வைக்கிறது. பஞ்சாபின் சிற்றூரில் பிறந்தவள் ஜோதி. கைம்மையும் நாடு நீங்கலும் அவள் தலையெழுத்து என்கிறான் சோதிடன். கணவன் குண்டுவெடிப்பில் மாண்டபின், அவன் படிக்கவிருந்த அமெரிக்கக் கல்லூரியில் அவனது உடையை எரித்துத் தானும் எரிந்துவிடப் புறப்படுகிறாள். சதி என்னும் கொடுமையும் கப்பலேறுகிறது! ஆனால், தன்னைச் சூறையாடிய கயவனைக் கொன்றபின், உடையைத்தான் எரிக்கிறாள், தன்னை எரிக்கவில்லை. பணிந்து சாவதினும் எதிர்த்து வாழ்வது மேல் என்று கண்டாள். வாழ்த்துவோம்.

ஆயினும் ஒன்று கேட்போம். ஜோதியை ஜாஸ்மின் ஆக்கியவன் புதுமை விரும்பிய கணவன். 'ஜேஸ்' என்றழைத்தவன் நியூயார்க் பேராசிரியன். 'ஜேன்' ஆக்கியவன் அயோவா மாநில வங்கியாளன். பெயர்கள் பல, அவற்றைச் சூட்டியோர் ஆடவர்! பழைய விலங்கு போய்ப் புதிய விலங்கு வருவதை விடுதலை என்போமா?

சித்ரா பானர்ஜி திவாகருணியின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில், 'உடைகள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை. மாமனார் மாமியாருக்கு அஞ்சி, மேனாட்டு உடையை அறைக்குள் மட்டுமே அணிந்து பார்த்தவள் சுமிதா. கணவன் கொலையுண்டதும், வெள்ளைச் சேலை வருகிறது. தாயகம் திரும்பி மாமியாருக்குப் பணிவிடை செய்யும் வாழ்வு காத்திருக்கிறது. அவளோ, "இங்கேயே இருப்பேன்" என்று தானே முடிவு செய்கிறாள். உடுத்தியிருப்பது வெள்ளைச் சேலைதான். உள்ளமோ அவளுக்கே உரியது!

"வேரை அறுக்கலாமா?" என்று கேட்பர். தாய்மொழி வேர், உற்றார் அன்பு வேர். சோதிடன் சொல்லும் கைம்பெண் கோலமும் வேரல்ல, களை! சாதியும் அதே பெட்டியில் பயணம் செய்ததால்தான், 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற நேர்ந்தது.

பண்பாடு என்பது பிறர் நம் தலையில் ஏற்றும் மூட்டையன்று. அறிவால் அலசி, நாமே தேர்ந்து கொள்வது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்குமாறு முழங்கியது. அதற்கிணங்கி அவற்றை நீக்கியவர்கள் பெயரை இழக்கவில்லை. தம் பெயரைத் தாமே மீட்டனர்.

தோழர்களே! அமெரிக்காவை நோக்கிக் கை நீட்டுமுன் நம் இல்லத்தை நோக்குவோம். நம் தாயும் தங்கையும் துணைவியும் சுமப்பதில், அவர்களே தேர்ந்தது எவ்வளவு? நாம் ஏற்றியது எவ்வளவு? மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீடு திரும்பும் நாம், முதலில் விடை கூற வேண்டியது இதற்கே!