ஆசிரியர் காட்டியது யாது?

சென்ற ஆனித் திங்களில் என் ஆசிரியர் ஒருவர் இறைவன் திருவடி நீழல் எய்தினார். காவிரித் தென்கரையில் ஒரு சிற்றூரில் முப்பத்தைந்து ஆண்டு தமிழாசிரியராய் இருந்து, 1993ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, அதன்பின் முப்பது ஆண்டுக்கு மேலும் உபகாரச் சம்பளம் கொண்டு எளிதின் வாழ்ந்தவர். அவர் பெயரை ஈண்டு எழுதேன். எழுதுதலை அவர் விரும்பார் என்பது ஒன்று. அவ்வூரார்க்குப் பெயர் சொல்ல வேண்டா, பிறர்க்குச் சொல்லிப் பயனில்லை என்பது மற்றொன்று.

அவர் வாழ்க்கையிற் பெருநிகழ்ச்சி என்று எடுத்துரைக்கத் தக்கது ஒன்றுமில்லை. வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து பூசை முடித்துக் கோயிலுக்குச் செல்வார். திருச்சுற்றில் அலகிட்டு, நந்தவனத்துக்கு நீரிறைத்து, பின்னர்ப் பள்ளிக்கு வருவார். கையிற் பிரம்பும் உண்டு, இளமையில் வெகுளியும் உண்டு, யானும் அடிபட்டவனே. மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் நிகண்டும் நன்னூலும் தேவாரமும் கேட்பார்கள். ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு கட்டளை மட்டும் உண்டு. அன்று கற்றதை அன்றே எவருக்கேனும் சொல்லிய பின்னரே உறங்க வேண்டும். “கேட்பார் இல்லையேல் மாட்டுக்காவது சொல்” என்பார். எங்கள் வீட்டுக் கறவைப் பசு குற்றியலுகரம் முழுவதையும் என்பாற் கேட்டது. அப்பசுவும் இப்பசுவும் எவ்வளவு உணர்ந்தன என்பது திருவருளுக்கே வெளிச்சம்.

அவர் ஓய்வு பெற்ற நாளிற் பழைய மாணாக்கர் கூடி ஒரு பாராட்டு விழா நடத்தினோம். மாலையும் பொன்னாடையும் பணமுடிப்பும் அளித்தோம். அவர் மறுக்கவில்லை; முகமலர்ந்தே ஏற்றுக்கொண்டார். ஓராண்டு கழித்து யான் சென்றிருந்தபோது தாமே அப்பேச்சை எடுத்தார். “அன்று யார் வந்தார், யார் வரவில்லை, யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று என் மனம் மூன்று நாள் கணக்கெழுதிற்று, தம்பி. அந்தக் கணக்கைக் கிழித்தெறிய எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. இனி இப்படி ஒன்றும் செய்யாதீர்கள்” என்றார். முப்பத்தைந்து ஆண்டு பூசை செய்தவர் தம் ஆணவத்தைத் தம் மாணாக்கன் முன்னர் வெளிப்படக் கூறியது அன்று எனக்கு வியப்பாய் இருந்தது. அது சொல்லுதற்கு எத்துணை அரிய சொல் என்பது, யானும் மேடைகளிற் பொன்னாடை பெறத் தொடங்கிய பின்னரே விளங்கிற்று.

அவர் மறைவுக்கு இரண்டு ஆண்டு முன்னர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். நலம் வினவி இரண்டு வரி. எஞ்சியது முழுவதும் ஓர் ஐயம். கண்ணுக்கு உயிர் காட்டுகிறது; உயிர்க்குச் சிவம் காட்டுகிறது; இடையில் ஆசிரியன் காட்டியது யாது? முப்பத்தைந்து ஆண்டு காட்டியதாக எண்ணியிருந்தேனே, அது பொய்தானா? நீ சித்தாந்தம் முறையாகக் கற்றவன், விளக்கி எழுது என்று முடித்திருந்தார்.

ஆசிரியர் மாணாக்கனிடத்து ஐயம் வினவுதல் நம் மரபிற் புதிதன்று. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற முதியவர், இளஞ்சிறாராகிய மெய்கண்டாரிடத்துப் பாடங் கேட்டு அருணந்தி சிவாசாரியர் ஆயினார் என்பது வரலாறு. அங்குக் கேட்கப்பட்டவர் மெய்கண்டார். இங்குக் கேட்கப்பட்டவன் யான். விழாக்களும் சொற்பொழிவுகளும் மிகுந்திருந்த காலம். நிதானமாக எழுதலாம் என்று கடிதத்தை ஒரு நூலினுள் வைத்தேன். அக்காலத்து யான் பேசிய சொற்பொழிவுகளுள் ஒன்று செய்ந்நன்றியறிதலைப் பற்றியது. விடை எழுதினேனில்லை, நேரிற் சென்றும் கண்டேனில்லை. அவர் மறைந்த பின்னர் இதனை எழுதுகின்றேன்.

அவர் ஐயத்தை ஆராய்வாம். கண்ணுக்கு ஒளியுண்டு, ஆயினும் உயிர் உடனின்று செலுத்தினாலன்றி அஃது ஒன்றையும் காணாது. வகுப்பிற் கண் திறந்தபடி இருக்க மனம் ஆற்றங்கரைக்குச் சென்றுவிட்ட மாணாக்கர்க்குக் கரும்பலகை தெரியாமையை ஆசிரியர் அனைவரும் அறிவர். அங்ஙனமே உயிர்க்கு அறிவுண்டு; ஆயினும் சிவம் உடனின்று அறிவித்தாலன்றி அறியாது. இது சிவஞானபோதம் பதினொராஞ் சூத்திரத்தின் துணிபு. இத்துணிபின்கண் ஆசிரியனுக்கு இடம் யாண்டையது?

ஒரு சாரார் எட்டாஞ் சூத்திரத்தைக் காட்டி, முதல்வனே குருவாய் எழுந்தருளி உணர்த்துவான் ஆகலின் ஆசிரியர் எல்லாரும் சிவமே என்று எளிதின் முடிப்பர். அது பொருந்தாது. அச்சூத்திரம், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைப் போல ஐம்புலன்களிடை மயங்கிய உயிர்க்கு, அதன் தவம் முதிர்ந்தவழி வந்து உணர்த்தும் ஞானாசிரியரைச் சொல்லியதேயன்றி, எண்ணும் எழுத்தும் கற்பிப்பாரைச் சொல்லியதன்று. என் ஆசிரியரைச் சிவமென்று சொல்லின் முதலில் வெகுள்பவர் அவரேயாவர். மற்றொரு சாரார், பள்ளிக் கல்வி பாசஞானத்தின்பாற்படும். அது வீடு தாராது. ஆகலின் கற்பித்தார்க்குச் சம்பளமே அமையும் என்பர். இது முன்னையதினும் கொடிது. ஏட்டைத் தொட்டறியாதவன் சிவஞானபோதத்தை எங்ஙனம் ஓதுவான்?

திருவருட்பயன் செய்த உமாபதி சிவாசாரியர் மாயையை, விடியுமளவும் உதவும் விளக்கோடு உவமித்தார். இருளை முற்ற ஓட்டுவது ஞாயிறே. ஆயினும் ஞாயிறு எழுமுன் விளக்கை இகழ்ந்தவன் இடறி வீழ்வான். விளக்குக் கண்ணைப் படைப்பதன்று, பொருளைப் படைப்பதுமன்று, இரண்டற்கும் நடுவே நின்று தன் நெய்யை எரிப்பது. பள்ளியாசிரியர் செயலும் அத்தன்மைத்தே. ஆகலின், ‘யான் காட்டினேன்’ என்று அவர் எண்ணியது பொய்யன்று. ‘யானே காட்டினேன்’ என்று எண்ணியிருப்பின் அதுவே பொய். இரண்டற்கும் வேறுபாடு ஓர் ஏகாரம். அவ்வேகாரம் பிரிநிலை; திருவருளினின்று தன்னைப் பிரித்து நிறுத்துவது. 1993இல் மூன்று நாள் அவர் மனம் எழுதிய கணக்கு அவ்வேகாரத்தின் கணக்கே. அதனைக் கண்டு கிழித்தவர் தம் ஐயத்திற்குத் தாமே பாதி விடை கண்டவர். இவ்விலக்கணக் குறிப்பொன்றையே அவர் என்பால் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். ஓர் அஞ்சலட்டைக்கு மேல் அதற்கு வேண்டியதில்லை. அதனையும் எழுதாதொழிந்தேன்.

இனி, விளக்குக்குச் செய்யத்தக்க சிறப்பு யாது என்னும் வினா எஞ்சுகின்றது. அது வெறும் நூல்வினாவாக நில்லாமல், பதினாறாம் நாட் சடங்கு முடிந்த மாலையிலேயே எங்கள் முன் வந்து நின்றது. பழைய மாணாக்கர் சிலர் பள்ளி முகப்பில் மார்பளவுச் சிலையொன்று நிறுவப் பொருள் திரட்டியிருந்தனர். யான் ஆசிரியர் சொல்லை எடுத்துக் காட்டி மறுத்தேன். எனக்குப் பன்னீராண்டு இளையவராகிய பொறியாளர் ஒருவர் எழுந்து, “அவர் உயிரோடு இருந்தபோது புகழ் அவருக்குத் தீங்கு செய்திருக்கலாம், ஐயா. இப்போது என்ன தீங்கு? நாள்தோறும் கல்லை வணங்குகிற நாம், கண்முன் ஒன்று இல்லாவிட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பதை அறிய மாட்டோமா?” என்றார். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. அவர் கூற்றில் உண்மை உண்டு. மலம் நீங்கிய அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்பது பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அறுபத்து மூவரைக் கல்லிலும் செம்பிலும் அமைத்துக் குருபூசை செய்வதும் நம்மவரே.

ஆயினும் வீட்டிற்குத் திரும்பும் வழியில் ஒன்று தோன்றிற்று. கோயிற் சுற்றில் நிற்கும் நாயன்மார் திருவுருவங்களிற் பெரும்பாலான கைகுவித்து நிற்கின்றன. காண்பார் அவர்களை வணங்க, அவர்கள் தமக்கு மேலான ஒன்றை வணங்குகின்றனர். பெற்ற வணக்கத்தை அவர்கள் தம்மிடத்து நிறுத்திக்கொள்வதில்லை. பள்ளி முகப்பில் வைக்கும் மார்பளவுச் சிலைக்குக் குவிக்கக் கையில்லை.

இவ்விடத்து நினைக்கத் தக்கவர் வித்துவான் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவர். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார்கள். 1880இல் செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம்மிடத்தைப் பிள்ளையவர்களின் இளைய மாணாக்கராகிய சாமிநாதையர்க்கே அளிக்க வேண்டுமென்று துணிந்தார். ஐயரோ அக்காலத்துத் திருவாவடுதுறை ஆதீனத்திற் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிரிய ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர்க்கு எளிதில் மனமில்லை. செட்டியார் விடாது முயன்று அப்பதவியில் அவரை அமர்த்தினார். ஆசிரியர்க்குரிய கடனை, ஆசிரியர் மறைந்த பின்னர், ஆசிரியரின் மாணாக்கர்க்குச் செலுத்திய செயல் இது. அக்கும்பகோணப் பதவியில் இருந்த காலத்தேதான் 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் ஐயரால் அச்சேறின. சிந்தாமணி வெளிவந்த மறு ஆண்டே செட்டியார் மறைந்தார்.

ஐயர் பிற்காலத்துச் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். பிள்ளையவர்கள் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டார். செட்டியார் வரலாற்றையும் எழுதினார். அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. இடித்தாரை வெறுக்கத் தோன்றுகின்றது, யானும் வருந்தினேன். ஆனாற் புறநானூற்றை இன்று படிக்கும் ஒருவன், தான் அறியாமலே, செட்டியார் செய்த உதவியின் பயனை நுகர்கின்றான். செட்டியார் பெயரை அவன் கேட்டிராமலும் இருக்கலாம். எரியும் விளக்கைப் பார்ப்பவன் அதனை ஏற்றிய விளக்கை அறிவதில்லை.

இவற்றையெல்லாம் அடுத்த கூட்டத்திற் சொன்னேன். பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். முற்றும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். சிலை வைப்பதா வேண்டாவா என்பது இன்னும் முடியவில்லை. வைத்தாலும் யான் பகைகொள்ளேன். அவர்கள் அன்பு மெய்யன்பே. என் பங்குப் பொருளை மட்டும் கேட்டுப் பெற்று, ஆசிரியர் வீட்டுத் திண்ணையைச் செப்பம் செய்தேன். அவர் தம் மக்கள் இசைந்தனர். சனிக்கிழமை தோறும் பேருந்தேறிச் சென்று அங்கே நன்னூல் சொல்லுகின்றேன். வருவோர் இப்பொழுது இருவர். ஒருத்தி அப்பொறியாளரின் மகள்.

ஆசிரியரின் பழைய கட்டளையை இருவர்க்கும் சொல்லியிருக்கின்றேன். சென்ற சனிக்கிழமை, நல்லாசிரியரை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் மலரோடும் உவமிக்கும் பாயிரப் பகுதி நடந்தது. அன்றிரவு அப்பெண் அதனைத் தன் பாட்டிக்குச் சொல்லப் புகுந்தாளாம். மலை முடியுமுன் பாட்டி உறங்கிவிட்டாளாம். “மிச்சத்தை யாருக்குச் சொல்வது, தாத்தா? எங்கள் வீட்டில் மாடு இல்லையே” என்று தொலைபேசியிற் கேட்டாள். எனக்கே சொல்லென்றேன், துலாக்கோலும் மலரும் பிழையின்றிச் சொன்னாள்.