ஊருணிக் கரையில் ஒரு தேர்வு

பூகோள ஆசிரியர்களுக்கே ஆசிரியராகப் போகிறவர் டாக்டர் பட்டத்துக்காக எதைப் பயில வேண்டும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி, எத்துறை ஆராய்ச்சி மாணவரும் தம் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தலில் துணைபுரியும் பணியும் தரலாம் என்கிறது. நல்ல விதிதான். மணியைக் கணக்கிடலாம், பொறுப்பை?

காரைக்குடியைப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி நிறுவினார். 1985-ல் அவர் பெயரால் பல்கலைக்கழகமே உருவாயிற்று. சுற்றியுள்ள செட்டிநாடோ வானம் பார்த்த பூமி. கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்ந்தது. இங்கே ஒரு சிறுவன் நைல் நதியின் நீளத்தை ஒப்பிக்கிறான். தன் ஊருணிக்கு நீர் வரும் வழி எது, அதை அடைத்தது எது என்று அறியான் என்றால், குறை அவனுடையதன்று. அவன் ஆசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கற்பித்தவர் அந்தக் கரையில் நடந்ததில்லை.

கரையில் நடந்துகொண்டிருந்தால் ஆராய்ச்சியின் ஆழம் குறையாதா என்பார்கள். வரத்துக்காலைத் தேடி வெயிலில் நடந்தவருக்குத்தான் தேசப்படத்துக் கோட்டின் மெய்யும் பொய்யும் புலப்படும்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் ஒரு பகுதியை ஊருணிக் கரையிலேயே வைக்கலாம். கேள்வி கேட்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போதும்.