பின்வரிசைக்காரர்

தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வலை காய்கிற இடம் போக மிச்சமெல்லாம் அங்கே புட்பால் மைதானம்தான். நாடறிந்த ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் அடுத்தாற்போலுள்ள இரவிபுத்தன்துறைக்காரர்.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பகுதியில் ஒரு பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். ஒரு கட்சியின் பின்வரிசையில் தலை நரைத்த ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார்.

“இவர எதுக்கு இன்னும் வச்சிருக்காவ? ஓடவே முடியல்ல, பாத்தீளா அண்ணாச்சி?” என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

உண்மைதான், அவர் ஓடவில்லை. பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றார். இரண்டு பக்கத்து வாலிபர்களையும் கையசைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். பந்து அவர் காலில் பட்டது ஏழெட்டுத் தடவைகூட இராது. ஆனால் கோலும் விழவில்லை. கைதட்டல் மட்டும் முன்வரிசைக்குப் போயிற்று.

இத்தகையவரை வைத்துக்கொள்வது நன்றிக்காகவா, பிரயோஜனத்துக்காகவா? நன்றிக்காக என்றால் ஒரு பொன்னாடை போதும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் புட்பால் என்று வேறொன்றை ஆடுகிறார்கள், பெரும்பாலும் கையால். அதில் பந்தை எறிகிறவனுக்குக் காவலாக முன்னால் ஐந்து பேர். எறிகிற பந்தை அவர்கள் பிடிக்கக்கூட விதி சாதாரணமாக இடம் தருவதில்லை. அந்தக் காவல்காரர்களில் ஒருவர் ஆண்ட்ரூ விட்வொர்த். 2006 முதல் சின்சினாட்டி கட்சிக்கு 11 பருவங்கள் ஆடினார். அவர் இடத்துக்கென்று 2015-லேயே இரண்டு இளைஞர்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2017-ல், 35 வயதில், அவர் லாஸ் ஏஞ்சலஸ் கட்சிக்குப் போய்விட்டார். 2022 பிப்ரவரியில் இறுதிப் பந்தயம். எதிரும் புதிருமாக அதே இரண்டு கட்சிகள். சின்சினாட்டியில் பந்தெறிகிற ஜோ பர்ரோ அன்று ஏழு முறை தரையில் வீழ்த்தப்பட்டார். 20-க்கு 23 என்று தோல்வி. நாற்பது வயது விட்வொர்த் கோப்பையோடு போனார். மறு மாதமே ஓய்வும் பெற்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் 2017-ஐக் குற்றம் சொல்வது கொஞ்சம் அதிகந்தான். ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்றுக் காளையை ஏருக்குப் பழக்கும்போது பழைய மாட்டோடு சேர்த்துத்தான் நுகத்தில் பூட்டுவார்கள். இழுப்பது பெரும்பாலும் இளசுதான். சாலில் எங்கே திரும்புவது என்பதுதான் கிழட்டு மாட்டுக்குத் தெரிந்த சங்கதி.

ஆனால் இரண்டு கிழட்டு மாடுகளைப் பூட்டி உழ முடியாது. சுனில் சேத்ரி 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். மறு வருஷம் மார்ச்சில், நாற்பது வயதில், திரும்ப அழைத்து வந்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்றபோது அவரும் ஒரு கோல் போட்டார். எல்லாரும் மகிழ்ந்தோம். ஆயினும் 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. அவரை வைத்துக்கொண்டது தப்பில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவனைப் பூட்டிப் பழக்காமல் இருந்ததுதான் தப்பு.

அன்று கடற்கரையில், கோட்டுக்கு வெளியே பூட்ஸ் கட்டித் தயாராக இன்னொரு பின்வரிசைப் பையன் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயதிருக்கலாம். ஆட்டம் முடிகிறவரை அவனைக் கூப்பிடவில்லை. கிழவருக்காக இவ்வளவு வாதாடுகிற நான், எழுந்து வரும்போது அவன் முகத்தைப் பார்க்காமல்தான் வந்தேன்.